செய்தது யார் என்று தெரியும்வரை

சத்தம் கேட்டால் யன்னலடிக்கு ஓடக் கூடாது. கொழும்புக் கோட்டையில் வேலை செய்த எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. 1996 ஜனவரி 31, புதன்கிழமை நாங்களாகவே படித்தோம்.

காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னர் ஜனாதிபதி மாவத்தைப் பக்கம் துப்பாக்கிச் சூடு கேட்டது. மத்திய வங்கி வாசலில் நின்ற காவலாளிகளைப் பார்த்து, லொறியோடு கூட ஓட்டோவில் வந்தவர்கள் சுட்டது அது என்று பின்னர்தான் தெரிந்தது. எங்கள் கந்தோர் இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் இருந்தது. சூட்டுச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கதிரையை விட்டு எழும்பி யன்னலடிக்குப் போனார்கள். தெருவில் சண்டை நடந்தால் பார்க்காமல் இருப்பார்களா? நான் அந்த நேரம் பழைய காப்புறுதிக் கோப்பொன்றைத் தேடிக்கொண்டு பின்னறைக்குள் நின்றேன். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. புழுக்கமான அறை, யாரும் விரும்பிப் போகாத அறை.

பிறகு லொறி வெடித்தது. அதில் இருந்தது ஏறக்குறைய 200 கிலோ வெடிமருந்து. அவ்வளவும் ஒன்றாக வெடித்தால் நெருப்பு எட்டுகிற தூரம் கொஞ்சம்தான். காற்று எட்டுகிற தூரம்தான் அதிகம். முதலில் அது தள்ளும். தள்ளிக் கடந்ததும் அந்த இடத்தில் அமுக்கம் குறைந்து எதிர்ப்பக்கமாக இழுக்கும். தள்ளும்போது தப்பிய கண்ணாடி இழுக்கும்போது கழன்று தெருவில் விழும். அதனால் அன்று கோட்டையில் மாடியில் நின்றவர்களுக்கும் காயம், கீழே நடந்தவர்களுக்கும் காயம். 91 பேர் இறந்தார்கள். 1,400 பேரளவில் காயப்பட்டார்கள். பார்வை இழந்தவர்கள் மட்டும் நூறு பேரளவில். அந்த நூறு பேரில் எத்தனை பேர் முதல் சூட்டைக் கேட்டு யன்னலடிக்கு வந்தவர்களோ என்று நான் இன்றைக்கும் யோசிப்பேன். எங்கள் மாடியில் அப்படி வந்தவர்களைக் கையில் பிடித்துப் படியிறக்கியவள் நான். ஒருவர் இறங்கி முடியும்வரை, "லைற்றைப் போடுங்கோ, லைற்றைப் போடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழே வந்ததும் சனம் எல்லாம் காலிமுகத்திடல் பக்கமாக நடந்தது. பஸ் இல்லை, டெலிபோன் வேலை செய்யவில்லை. என்னோடு வந்தவள் கணக்குப் பகுதியில் இருந்த ஒரு சிங்களப் பெண். கல்கிசைக்காரி. கொள்ளுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட வந்ததும் நின்று, என் முகத்தைப் பார்த்து, தன்னுடைய சேலைத் தலைப்பால் என் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டாள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. பிறகு வெள்ளவத்தை வரும்வரை வாய் ஓயாமல் சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தாள்: தன் மாமியார், மாமியாரின் நாய், பலாக்காய்க் கறிக்கு எந்தத் தேங்காய் நல்லது. நான் வாய் திறக்கத் தேவை வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பேச்சு. ராமகிருஷ்ண வீதி முனையில் என்னை விட்டுவிட்டுத் தெஹிவளைப் பக்கம் தனியே நடந்து போனாள்.

அம்மா வாசலில் நின்றாள். கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் ஏழெட்டுக் கிலோமீற்றர். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். நான் இருளான பின்னறையில் தரையில் கிடந்து இருபது செக்கனுக்குப் பிறகுதான் அம்மா அடுப்படியில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். என் சேலையில் இருந்த இரத்தம் என்னுடையதல்ல என்று கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"ஆர் செய்ததாம், பிள்ளை?"

வெளியார் இதைக் கேட்டால் இந்தத் தாய்க்கு இதயம் இல்லையா என்பார்கள். கொழும்புத் தமிழருக்கு விளங்கும். எங்களுக்கு ஒவ்வொரு வெடியும் இரண்டு தடவை வெடிக்கும். முதலாவது எல்லாருக்கும் பொது. இரண்டாவது, செய்தது யார் என்று செய்தி வந்த பிறகு, எங்கள் ஒழுங்கைகளுக்குள் மட்டும். அந்த இரண்டாவதற்கு ஆயத்தப்பட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான் அம்மா கேட்டாள்.

ஆயத்தம் என்றால் என்ன? அன்று பின்னேரம் அவள் அலுமாரியைத் திறந்து, சாவகச்சேரியிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் எடுத்தாள். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர், 1995 ஒக்டோபர் 30 இரவோடு யாழ்ப்பாண நகரமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்திருந்தது. எங்கள் சொந்தங்களும் அதில் அடக்கம். சித்தியின் கடிதங்களில் அரசியல் ஒன்றும் இல்லை. யார் யார் வீட்டுத் திண்ணையில் படுக்கிறார்கள், அரிசி என்ன விலை, பெரியப்பாவுக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து இல்லை. ஆனாலும் வன்னி வழியாகக் கைமாறி வந்த கடிதம் என்பதே போதும். அம்மா அவற்றை அடுப்பில் வைத்தாள். பெரியப்பா எழுதிய ஒன்றை மட்டும் மடித்து, பிறகு அதையும் வைத்தாள்.

அடையாள அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வடக்குக் கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருக்கும். மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். ஆகவே சோதனைச் சாவடியில் அட்டையை எட்டிப் பார்த்தாலே ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், கொழும்பு அட்டை. ஆனால் பின்பக்கத்தில் பிறந்த இடம் சாவகச்சேரி. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் வந்த வினை. எத்தனை சிப்பாய்கள் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்! அவர்களில் பாதிப் பேர் என்னைவிடப் பயந்தவர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள், குருநாகல், மொனராகலைப் பக்கத்து முகங்கள். கைப்பையைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்வார்கள்.

அதே 1996 ஜூலை 24, அதுவும் புதன்கிழமை, தெஹிவளை ஸ்டேஷனில் பின்னேர ரயில் வெடித்தது. வேலை விட்டு வருகிற நேரம். பெட்டி பெட்டியாகக் குண்டு வைத்திருந்தார்கள். 64 பேர் இறந்தார்கள், நானூறு பேருக்கு மேல் காயம். எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் அது. இம்முறை அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். கல்கிசைக்காரி அந்தப் பாதையில்தான் தினமும் போவாள். அன்றைக்கு லீவு எடுத்திருந்தாள் என்று மறுநாள் தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகத் தேடுதல். அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய் விடிய விட்டார்கள். வந்து இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்தக் குண்டை வைக்கிறவன் எங்களை ஒருக்கா எண்டாலும் கேட்டவனோ?" என்றார். புலிகளைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லப்பட்ட முதல் வசனம் அது. அம்மா எழும்பிப் போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு பக்கத்துக்கும் பயந்த வீடு.

அதன்பிறகு நடந்தவற்றை எல்லாம் வரிசையாகச் சொன்னால் இது பொலிஸ் குறிப்பேடு ஆகிவிடும். 1997 ஒக்டோபரில் மத்திய வங்கிக்குப் பக்கத்திலேயே உலக வர்த்தக மையத்தடியில் இன்னொரு லொறி. 1999இல் நகர மண்டபத்தடியில் குண்டு, ஜனாதிபதி சந்திரிகாவின் கண் போனது. 2002 ஒக்டோபர் கடைசியில், தாய்லாந்தில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், கொழும்பு மேல் நீதிமன்றம் மத்திய வங்கிக் குண்டுக்காகப் புலிகளின் தலைவர் பிரபாகரனுக்கு 200 வருடச் சிறை விதித்தது. ஆள் இல்லாமலே. பத்திரிகையில் அதைப் படித்த எங்கள் கந்தோர்க் காவலாளி, கண் போனவர்களுக்கு இதில் எத்தனை வருடம் பங்கு என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

2007 மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வருடம். ஏப்ரல் 28 இரவு ஊரே விழித்திருந்தது. பார்படோசில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம், கில்கிறிஸ்ற் எங்கள் பந்துவீச்சாளர்களை விளாசிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து திடீரென்று கரண்ட் போனது. மொட்டைமாடிக்கு ஏறினோம். வானம் முழுக்கச் சிவப்புக் கோடுகள், விமானத்துக்குச் சுடுகிறார்கள். புலிகளின் சிறிய விமானங்கள் கொலன்னாவை, முத்துராஜவெல எரிபொருள், எரிவாயுச் சேமிப்பிடங்களுக்கு வந்திருந்தன. பக்கத்து மாடியில் சிங்களக் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள், கீழே முஸ்லிம் குடும்பம். இருட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஸ்கோர் எவ்வளவு?" அந்த ஒரு இரவு மட்டும் எங்கள் எல்லாருக்கும் ஒரே பயம், ஒரே கவலை.

அது ஆறு கிழமைக்குக்கூடத் தாங்கவில்லை. ஜூன் 7 விடியற்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களுக்குள் பொலிஸார் ஏறினார்கள். வெளிநாடு போக விசாவுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வடக்குக்குத் திரும்பப் பாதை இல்லாதவர்கள் என்று 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தக்க காரணம் இல்லாதவர்களாம். எங்கள் ஒழுங்கை லொட்ஜிலிருந்து இறங்கிய ஒரு கிழவி காலில் செருப்பு இல்லாமல், கையில் எக்ஸ்ரே உறையோடு பஸ்ஸில் ஏறினாள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். பலரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிழவியை நான் பிறகு காணவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் அது எப்படி முடிந்தது என்பது வேறு எழுத்து. அங்கே இருந்தவர்கள் எழுத வேண்டியது. கொழும்பில் பத்து வருடம் சத்தம் இல்லை. சாவடிகள் கழன்றன. காலி வீதியில் தங்கக் கடைகளும் சைவக் கடைகளும் பெருகின. மரைன் டிரைவில் பின்னேரம் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். அம்மா 2014இல் போய்ச் சேர்ந்தாள். பொட்டு வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதை ஒரு விஷயமாக நினைக்காத பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. நான் கொட்டாஞ்சேனையில் அண்ணா வீட்டில் நின்றேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடை தூரம். அந்தக் கோயிலை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்ல. செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள். திருநீறு பூசியவர்கள், புத்த பக்தர்கள், முக்காடு போட்டவர்கள் எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். நாங்கள் சைவக் குடும்பம். அம்மா எனக்கு மாப்பிள்ளை அமையவும் அங்கேதான் நேர்ந்தாள். (அமையவில்லை. அதற்காக அம்மா அந்தோனியாரைக் குறை சொன்னதும் இல்லை.)

எட்டே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. அண்ணி பாற்சோற்றுக் கிண்ணத்தோடு நின்றபடி என்னைப் பார்த்தா. பத்து வருடம் கேட்காத சத்தம்; ஆனால் உடம்புக்கு மறதி இல்லை. அண்ணியின் பிள்ளைகள் இருவரும் யன்னலடிக்கு ஓடினார்கள். நான் கத்திய கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அண்ணா, "கேஸ் சிலிண்டராய் இருக்கும்" என்றார். அப்படி இல்லை என்று அவருக்கே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஜம்பட்டா வீதியில் சனம் ஓடியது. அண்ணா வீட்டு ஒழுங்கையிலிருந்து மட்டும் பூசைக்குப் போன மூன்று குடும்பங்கள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். அதில் ஒரு வீட்டுக்கு மாலையில் ஒருவரும் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போய் அவர்களுடைய நாய்க்குச் சோறு வைத்தார்.

இந்த நேரத்தில் எங்களோடு அந்த வீட்டில் நின்ற பெரியம்மா நிலத்தில் குந்தியிருந்து செபம் போல ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தா: "எங்கட ஆக்களோ? எங்கட ஆக்களோ?" அம்மாவின் அதே கேள்விதான். செய்தவர்கள் வேறு ஆட்கள் என்று பின்னேரம் கைப்பேசியில் பார்த்து அண்ணா சொன்னதும் பெரியம்மா, "அப்பாடா" என்றா. ஒழுங்கை முனையில் அழுகுரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது. அங்கே நின்ற யாரும் அந்த வார்த்தைக்கு முகம் சுளிக்கவில்லை. செத்தவர்கள் எங்கள் அயலவர்கள். எங்களுக்கு ஆறுதலாய் இருந்ததோ கொன்றவர்களின் பெயர்ப்பட்டியல். முப்பது வருடம் ஒரு சனத்தைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் அதன் துக்கம்கூட வரிசையில் நின்று தன் முறைக்குத்தான் வரும்.

மறுநாள் திங்கட்கிழமை இரண்டாவது சத்தம். கோயிலுக்குக் கிட்ட நிறுத்தியிருந்த வேனில் வெடிபொருள் கண்டுபிடித்து, செயலிழக்கச் செய்யப் போனபோது அது வெடித்தது. தெருவில் நின்ற சனம் சிதறி ஓடியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன், யன்னலுக்கு ஓரமாக நின்று. அதே நாள் புறக்கோட்டை பஸ்தியான் மாவத்தை பஸ் நிலையத்தில் 87 டெட்டனேட்டர்கள் கிடைத்தன. புறக்கோட்டை என்றதும் பழைய ஆட்களுக்கு இன்னொன்று நினைவு வந்தது. 1987இலும் இதே ஏப்ரல் 21ஆம் திகதிதான் மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பதிலாக யாழ்ப்பாணத்தில் விமானங்கள் குண்டு போட்டன.

இறந்தவர்கள் 359 என்று அரசாங்கம் சொன்னது. பிறகு 253 என்று குறைத்தது. அப்படி ஒரேயடியாக நூறு பேர் குறைந்ததைக் கேட்டு அண்ணியின் மூத்த பிள்ளை, "அப்ப அவ்வளவு பேரும் தப்பிட்டினமோ?" என்று சந்தோஷமாகக் கேட்டான். உடல்கள் அடையாளம் காண முடியாதபடி சிதறியதால் ஒருவரையே பலமுறை எண்ணிவிட்டார்கள் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்களுக்கு எதிரான வழக்கில், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது.

குண்டு வைத்தவர்களின் பட்டியலில் இருந்தவை முஸ்லிம் பெயர்கள். வெள்ளவத்தைக்கு நான் திரும்பியபோது எங்கள் தொடர்மாடியின் முகம் மாறியிருந்தது. கீழ்மாடி முஸ்லிம் வீட்டுக் கதவு பகலிலும் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் இருபது வருடமாக அறிவேன். நோன்பு காலத்தில் கஞ்சி அனுப்புவாள், தைப்பொங்கலுக்கு நான் புக்கை அனுப்புவேன். லிஃப்டில் அவள் ஏறினால் மற்றவர்கள் அடுத்த முறை வருவதாகச் சொல்லி நின்றார்கள். நின்றவர்களில் தமிழர்களும் உண்டு. ஒரு காலத்தில் இதே லிஃப்டில் தங்களுக்கு இது நடந்தவர்கள். ஏப்ரல் 29 முதல் முகம் மூடுவது தடை என்று அவசரகால விதி வந்தது. அவள் ஒருநாளும் முகம் மூடியதில்லை. தலைச்சீலை மட்டும்தான். அதற்கும் கடைத்தெருவில் பார்வை. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள்.

ஒரு இரவு அவள் என் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து இருக்கவில்லை.

"அக்கா, அந்த நாள்ல பொலிஸ் செக்கிங் வந்தா நீங்க எல்லாம் எப்படிச் சமாளிச்ச? செல்லித் தாங்க. எங்களுக்கு இது பழக்கமில்ல."

இருத்தி வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு சொன்னேன், பள்ளிக்கூடப் பாடம் போல. அடையாள அட்டை தலையணைக்குக் கீழே, அலுமாரிக்குள் அல்ல. கரண்ட் பில், தண்ணீர் பில் மூன்று மாதத்துக்கானவை ஒரு உறையில். கிராம சேவகர் கடிதம் பழையதானால் இப்போதே புதுப்பிக்க வேண்டும். கதவைத் தட்டினால் பெண் ஒருத்திதான் திறக்க வேண்டும், மகன் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் ஒளியக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. காய்கறிக் கத்தி மேசையில் கிடக்கக் கூடாது. கூட்டிக்கொண்டு போனால் எந்த ஸ்டேஷன் என்று கேட்டு, அந்த அதிகாரியின் பெயரைச் சட்டையில் பார்த்து மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம். பத்து வருடம் பாவிக்காத அறிவு ஒரு சொல்லும் துருப்பிடிக்கவில்லை.

அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"வாப்பாட கிதாபு கொஞ்சம் ஈக்கி அக்கா. அரபில. அத என்ன செய்ய? எல்லாரும் கடலுக்குப் போடுறாங்க, மண்ணுக்குள்ள தாக்குறாங்க."

அம்மா அடுப்பில் வைத்த கடிதங்கள் பற்றி அவளுக்குச் சொன்னேன். சித்தி எழுதிய அரிசி விலையை, மருந்து இல்லாத பெரியப்பாவை. பெரியப்பா அந்த வருடமே இறந்ததையும், அவர் கையெழுத்தில் இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு துண்டுகூட இல்லாததையும். ஒளித்து வை என்றும் சொல்லவில்லை, எரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பாடம் மட்டும் எனக்கு வராது.

அவர்கள் வீட்டுக்குத் தேடுதல் வந்தது நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால். பூட்ஸ் சத்தம் மேலே ஏறி வந்து கீழ்மாடியிலேயே நின்றது. ஒரு மணித்தியாலம் இருக்கும். அவர்கள் போன பிறகு நான் இறங்கிப் போனேன். மகன் சோபாவில் இருந்தான், முகம் வெளிறி. அவள் தரையில் இருந்து புத்தகங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பழைய தோல் அட்டைக் கிதாபுகள், அத்தனையும்.

"குடுக்கவுமில்ல, எரிக்கவுமில்ல அக்கா," என்றாள் தலை நிமிராமல். "மேசையில எடுத்து வச்சேன், வந்தா வாசிக்கட்டும் எண்டு. அந்தப் பெரிய ஐயா ஒவ்வொரு பக்கமா திருப்பிட்டு இதுல என்ன ஈக்கி எண்டு என்னக் கேட்டாரு. எனக்கும் பாதி விளங்காது ஐயா, வாப்பாக்குத்தான் விளங்கும், அவரு மவுத்தாகிட்டாரு எண்டேன். அதுக்கு அவரு ரிப்போட்டுல என்ன எழுதுற எண்டு தெரியாம கொஞ்ச நேரம் பேனைய வச்சிக்கிட்டு நின்டாரு."